நூல் பிடித்துப் பார்த்த தூரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். அம்மாவுக்குச் சீனி இப்ப கட்டுப்பாட்டில இருக்கு. முன்மாரி வெட்டு முடிஞ்சு நெல்லும் வீட்டுக்கு வந்திட்டுது. ஊர்ப் புதினம் அவ்வளவுதான்.

போன ஞாயிறும் உன்ர போன் கோல் வரல்ல. வேலையாக்கும் எண்டு அம்மாவிட்ட சொன்னன்.

பழைய பூமி உருண்டையை அலுமாரியால இறக்கி, கொழும்பில இருந்து லண்டனுக்கு நூல் பிடிச்சுப் பார்த்தன். சுவரில இருக்கிற உலகப் படத்தில கோடு போட்டா அரேபியாவுக்கு மேலால போகும். உருண்டையில நூலை இறுக்கினா அது வடக்கால வளைஞ்சு, ஈரானைக் கடந்து, கருங்கடலுக்கு மேலால போகுது. நூலின்ர நடு, தெஹ்ரானுக்குக் கிட்ட விழுது. மொத்தம் 8,700 கிலோமீற்றர் அளவு. இவ்வளவு காலம் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிச்சன். அப்ப அந்த நூலின்ர மற்றத் தலைப்பில நீ இருக்கல்ல.

நேர் விமானத்தில இங்க இருந்து போக 11 மணித்தியாலத்துக்கு மேல. அங்க இருந்து வர அதைவிடக் குறைவு. 10, 11 கிலோமீற்றர் உயரத்தில மேற்கில இருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுது. போற விமானம் அதுக்கு எதிர்த்துப் போகோணும், வாற விமானத்தை அது தள்ளிக்கொண்டு வரும். காற்றே இந்தப் பக்கம்தான் தள்ளுது, மகள்.

மருமகனோட கதைச்சுக் கனகாலம். கேட்டா வேலை எண்டுறாய். பொங்கலுக்கும் வேலை, அம்மா ஆசுபத்திரியில கிடந்த நேரமும் வேலை. சரி, நான் கேக்கல்ல. நேரத்துக்குச் சாப்பிடு. போன முறை அனுப்பின படத்தில கழுத்தெலும்பு தெரியுது.

களுவாஞ்சிகுடியில படிச்சு, ஆரின்ர உதவியும் இல்லாம அங்க போய் நிமிர்ந்து நிக்கிறவள் நீ. உன்னை ஆர் விசாரிச்சாலும் நான் தலை நிமிர்ந்துதான் மறுமொழி சொல்லுறன். ஆனா பெத்தவங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாம எல்லாத்தையும் தனியச் சுமக்க எங்க படிச்சாய்? நாங்க அப்பிடி வளர்க்கல்லையே. பெரியம்மாவின்ர மூத்தவள் திரும்பி வந்த நேரம் இந்த வீட்டில ஆரும் அவள ஒரு கேள்வி கேட்டதா? உனக்கு அது தெரியும்.

வைகாசியில அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு வருது. அதுக்கு வா. குளிர்த்திக்கு முந்தி வந்தாலும் வா. ஒராளுக்கு டிக்கட் போட்டாலும் சரி, ரெண்டு பேருக்குப் போட்டாலும் சரி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில இருந்து இங்க 300 கிலோமீற்றர் அளவு, வான் வாகனத்தில ஆறு ஏழு மணித்தியாலம் எடுக்கும். தனிய பஸ் ஏற வேணாம், நானே வாறன். விமானத்தில ஒரே இருப்பில இருக்காத, எழும்பி நட, கால் வீங்கும். தண்ணி குடி. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்ர அறைக்கு வெள்ளை அடிச்சாச்சு. கோடை விடுமுறை கிட்ட வர டிக்கட் விலை ஏறும், அதால பிந்தாத. காசு இறுக்கமெண்டா சொல்லு, நெல்லுக் காசு கையில இருக்கு. டிக்கட் போட்ட உடன விமான இலக்கத்தை வட்ஸ்அப்பில போடு, வான்காரனுக்குச் சொல்லோணும்.

அப்பா

அம்மா கேக்கச் சொன்னா: ராவில நித்திரை வருதா உனக்கு?