இரண்டு மொட்டைமாடிகளுக்காக ஒரு விண்ணப்பம்

செட்டிநாட்டில் பூர்வீக வீடு வைத்திருக்கும் நகரத்தார் பெருமக்களுக்கு,

வணக்கம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்து, கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் தங்கள் வீடுகளில் இரண்டின் மொட்டைமாடிகளை, தை முதல் வைகாசி வரை இரவு நேரங்களில் எங்களுக்குத் தந்துதவ வேண்டுகிறேன். வேற்றுலகில் அறிவுள்ள உயிர்கள் இருந்து, ஒளியால் நமக்குச் சைகை காட்டினால், அதைக் கண்டுகொள்ளும் முயற்சிக்காகவே இதைக் கேட்கிறேன்.

இந்தத் தேடல் என்றதும் பலருக்கும் வானொலி அலைகள்தாம் நினைவுக்கு வரும். ஆனால் முதல் லேசர் ஒளிர்ந்த மறு ஆண்டே, 1961-ல், இயற்பியலாளர்களான ராபர்ட் ஷ்வார்ட்ஸும் சார்லஸ் டவுன்ஸும் லேசர் ஒளியாலும் விண்மீன்களுக்கிடையே செய்தி அனுப்பலாம் என்று எழுதிவிட்டார்கள். இன்றைய மனிதனின் கைக்கு எட்டும் லேசரை 10 மீட்டர் அகலக் குழியாடியின் வழியே குவித்து அனுப்பினால், ஒரு நானோநொடிக்கு, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு, அது எதிரே இருப்பவருக்கு நம் சூரியனைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பிரகாசமாகத் தெரியும். நம்மால் முடிவது அவர்களாலும் முடியும் என்பதே இத்தேடலின் அடிப்படை.

கடந்த சித்திரையில், ஓர் அன்பர் மனமுவந்து சாவி கொடுத்ததால், என் மாணவர்கள் இருவரோடு அவர் வீட்டு மாடியில் ஒளியுணரி ஒன்றை வைத்துப் பார்த்தேன். நள்ளிரவிலும் தரையில் பகல் சூடு இறங்கவில்லை. இரண்டு மணி வாக்கில் திரையில் ஒரே ஒரு கூர்முனை எழுந்து அடங்கியது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அதிவேகத் துகளான அண்டக்கதிர் காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் ஒளிக்கீற்றும் சில நானோநொடிகளே நீடிக்கும் என்பதால், நாங்கள் கண்டதும் அதுவாகவே இருந்திருக்கக் கூடும். ஆனால் அப்படித்தான் என்று என்னால் மாணவர்களிடம் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இன்னொரு மாடியில் இன்னொரு கருவி இல்லையே!

அண்டக்கதிரின் ஒளி தரையில் சில நூறு மீட்டர் வட்டத்துக்குள் விழுந்து முடிந்துவிடும். விண்மீனிலிருந்து வரும் ஒளியோ காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் ஏறத்தாழ ஒருசேர விழும். கருவிகள் 10 கிலோமீட்டர் விலகியிருந்தால், இரண்டு பதிவுகளுக்கும் இடையே அதிகபட்சம் 33 மைக்ரோநொடி (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வித்தியாசமே இருக்கலாம்; விண்மீன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதிலிருந்து அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் ஒரே விண்மீனை ஒரே நேரத்தில் பார்த்ததும் இதற்காகத்தான். ஆயிரக்கணக்கான விண்மீன்களைப் பார்த்தும் அவர்களுக்கு உறுதியான சைகை எதுவும் கிட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர்களுக்கு எட்டாத வானம் நமக்கு எட்டுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகையில் இருப்பதால், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதியான, 4.37 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆல்ஃபா சென்டாரி, சித்திரை வைகாசி இரவுகளில் தெற்கே பனைமரங்களுக்கு மேல் வருகிறது; ஹார்வர்டு வானில் அது உதிப்பதே இல்லை. தெருவிளக்குகள் இடைஞ்சலாகாதா என்று சிலர் கேட்டார்கள். நானோநொடிக் கணக்கில் பார்த்தால் தெருவிளக்கின் துடிப்பும் அசையாத வெளிச்சம்தான். விளக்கு நேராகக் கருவியின் கண்ணில் படாமல் ஒரு மறைப்பு வைத்தால் போதும்.

வளவு, பட்டாலை, அறைகள் எதையும் திறந்துவிட வேண்டியதில்லை. மாடிப்படிக்குச் செல்லும் வழி மட்டும் போதும். சுண்ணாம்புத் தளத்தில் ஆணி அடிக்க மாட்டோம். மரப்பலகை மேல்தான் கருவியை நிறுத்துவோம். மின்கட்டணம் எங்களுடையது. ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது மணமான தனித்தனிக் குடும்பங்கள், உரிமையாளர்களாக இருப்பதையும், ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் சென்னையிலும் இருப்பதையும் அறிவேன். எல்லாப் பங்காளிகளின் ஒப்புதலும் கிடைத்த பிறகே மாடியேறுவோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் தங்கள் முடிவு தெரிந்தால், தையில் வானம் தெளியும்போது இரண்டு கருவிகளும் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.