பதினோராம் எண் கூண்டு

சென்னை,
ஐப்பசி 20

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று திட்டாதே. மழை பிடித்துக்கொண்டது, கூடவே எனக்குச் சளியும். நீ சொன்ன தைலம் முழங்காலுக்கு நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் எழுதச் சொன்னாள். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். செருப்பு அலமாரி இப்போது அவன் ஆட்சியில்.

“முப்பது வருஷம் நீ கட்டிக்கொண்டு அழுத சட்டம் போய்விட்டதாமே” என்று கேட்டிருந்தாய். ஆமாம், போய்விட்டது. வெள்ளைக்காரன் 1908-இல் போட்ட இந்தியத் துறைமுகங்கள் சட்டத்துக்கு 2025-இல் புதுச் சட்டம் வந்து விடை கொடுத்துவிட்டது. நான் 58 வயதில் வீட்டுக்கு வந்தேன். அது 117 வயது வரை வேலை பார்த்திருக்கிறது, பென்ஷன் இல்லாமல்.

கப்பல் ஏஜென்ட் ஆபீசில் என் மேஜையில் கிடந்த பிரதியை ஓய்வு பெற்ற அன்று கையோடு கொண்டுவந்துவிட்டேன். பிரவுன் அட்டை, ஓரமெல்லாம் கரையான் ருசி பார்த்தது. வேலையில் இருந்த காலத்தில் அதைப் படித்ததே இல்லை, தேவையான பிரிவைத் தேடி எடுத்ததோடு சரி. போன வாரம் சளியோடு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நம்பு, சுவாரசியமாக இருக்கிறது. குறிப்பாக அபராதப் பட்டியல்.

கப்பலில் பீப்பாயிலிருந்து சாராயம் இறக்கும்போது மூடியில்லாத விளக்கைப் பக்கத்தில் வைத்தால் 200 ரூபாய். இறக்கியவனுக்கும் உண்டு, கேப்டனுக்கும் உண்டு. யோசித்துப் பார். கீழ்த்தளம், காற்றே கிடையாது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறான் ஒருவன், பக்கத்தில் மெழுகுவத்தி. ஆவி எழும்பித் திரியைத் தொட எத்தனை நேரம் ஆகும்? சட்டம் எழுதிய ஆள் இதைக் கற்பனையில் கண்டிருக்க முடியாது. எங்கோ ஒரு கப்பல் எரிந்திருக்கிறது, அதன் சாம்பலில்தான் இந்தப் பிரிவு முளைத்திருக்கும்.

தடை செய்த இடத்தில் கப்பல் மேல் கீல், குங்கிலியம், எண்ணெய் காய்ச்சினாலும் 200. இதைப் படித்ததும் தூத்துக்குடி ஞாபகம்தான் வந்தது. லீவுக்கு உங்கள் அத்தை வீட்டுக்குப் போனோமே, கரையில் தோணிக்குக் கலப்பத்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகை இடுக்கில் பஞ்சைத் திரித்து உளியால் அடித்து இறக்கினார்கள். மூன்று கல் வைத்த அடுப்பில் குங்கிலியமும் எண்ணெயும் கொதித்தது. நீ குனிந்து எட்டிப் பார்க்க, அந்தப் பெரியவர் உன் பின்மண்டையில் ஒன்று வைத்தார். அந்தச் சட்டி கரையிலேயே இருந்ததற்குக் காரணம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அப்புறம், சூரியன் மறைந்தபின் கப்பலைக் கட்டும் ஆலாத்துக் கயிற்றைக் குறுக்கே விட்டுவைத்தால் 200. இருட்டில் வரும் படகு அதில் மாட்டினால் கவிழ வேண்டியதுதான். துறைக்குள் ‘பாலாஸ்ட்’, அதாவது கப்பல் ஆடாமல் நிற்கப் பாரமாக ஏற்றும் கல்லையும் மண்ணையும், கொட்டினால் 500, வாரி எடுக்கும் செலவு தனி. தொலைந்துபோன நங்கூரத்தைக்கூட அனுமதியில்லாமல் துழாவித் தேடக்கூடாது. இதிலெல்லாம் பெரிய குற்றம் எது தெரியுமா? கப்பலுக்கு வழி காட்டும் மிதவையைச் சேதப்படுத்துவது. 2,000 ரூபாய் அல்லது இரண்டு வருஷம் ஜெயில். 1908-இல் 2,000 ரூபாய் என்றால் ஒரு வீடே கைமாறும். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. மிதவை ஒன்று அறுந்து போனால் அதை நம்பி ராத்திரி வருகிற கப்பல் நேரே மணலில் ஏறும்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் 27-ஆம் பிரிவு. துறைமுகத்தில் துப்பாக்கி வெடித்தால் 50 ரூபாய், ஆபத்துக்குச் சைகையாக வெறும் மருந்து போட்டு வெடித்தால் குற்றமில்லை. சட்டம் வந்து ஆறே வருஷத்தில், 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்தில் நூறு குண்டுக்கு மேல் போட்டு பர்மா ஆயில் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. குண்டுக்கு ஐம்பது என்று கணக்குப் போட்டாலும் ஒரு ஐயாயிரம் வசூலித்திருக்கலாம். சம்மனை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் சிக்கல்.

உனக்கு வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. எல்லாம் கப்பல், கால்வாய், மிதவை, சரக்கு. மனிதன் எங்கே? சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலத்தில் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலையைத் தாண்டிப் போனது மசூலா படகு. ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்தது. அலை தூக்கிக் குத்தும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும், இது வளைந்து கொடுக்கும். துடுப்புப் போட்டவர்கள் நம் கரையோரத்து ஆட்கள். கவிழ்ந்தால் வெள்ளைக்காரனைப் பிடித்து இழுத்து வந்தவர்கள் கட்டுமரக்காரர்கள். அவர்களை யார் இழுத்தார்கள் என்று என் அட்டைப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

துறைமுகம் கட்டியதும் லேசாக நடக்கவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார். சுவர் ஏறக்குறைய முடிகிற சமயத்தில், 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போனது. நவம்பர் என்றால் கடலுக்கு நம் மேல் என்ன கோபமோ.

பம்பாய் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக். ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், அதோடு ஆயிரக்கணக்கில் பஞ்சு மூட்டை, போதாததற்குத் தங்கக் கட்டிகள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியதே தப்பு. ஆபத்தான சரக்கு இருந்தால் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும், ஏற்றவில்லை. வெடிபொருளை வெளியே நிறுத்தித்தான் இறக்க வேண்டும். போர்க்கால அவசரத்தில் அந்த விதியையும் தளர்த்தியிருந்தார்கள். மத்தியானமே புகை தெரிந்துவிட்டது. கப்பலை மூழ்கடிப்பதா, இழுத்துப் போவதா என்று முடிவெடுக்க ஆளில்லாமல் மணிக்கணக்கில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். 4 மணி 6 நிமிஷத்துக்கு முதல் வெடிப்பு. அரைமணி கழித்து அதைவிடப் பெரிதாக இன்னொன்று. எழுநூறு பேருக்கு மேல் போனார்கள், அதில் தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். இன்றும் ஏப்ரல் 14-இல் தீயணைப்பு வாரம் தொடங்குகிறதே, அது அவர்களுக்காக.

கப்பலில் தீப்பிடித்தும் அணைக்க உத்தரவு போடாத கேப்டனுக்கு ஆறு மாதம் ஜெயில் அல்லது 1,000 ரூபாய் என்று அதே 1908 சட்டத்தில் இருக்கிறது. அங்கே உத்தரவு பத்துப் பேர் போட்டார்கள், பொறுப்பைத்தான் யாரும் எடுக்கவில்லை. அதற்கு ஒரு பிரிவும் கிடையாது.

சரி, உன் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் “நாகை துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு” என்று சொன்னால் நம் வீட்டில் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை. 1864-இல் கல்கத்தாவைப் புயல் புரட்டிப் போட்டு, அறுபதாயிரம் பேர் வரை போனபிறகு, மறு வருஷம் அங்கே ஆரம்பித்தது துறைமுகப் புயல் எச்சரிக்கை. எல்லாத் துறைமுகத்துக்கும் ஒரே முறை என்று ஆனது 1898-இல். பகலில் கூண்டு, ராத்திரியில் விளக்கு. ஒன்று, இரண்டு தூரத்துப் புயலுக்கு, எட்டு, ஒன்பது, பத்து பெரும் ஆபத்துக்கு. பத்துக்கு மேல் என்ன இருக்க முடியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பதினொன்று இருக்கிறது. வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் நிலைமை மோசம் என்று இங்கே இருக்கும் துறைமுக அதிகாரி நினைக்கிறார். அவ்வளவுதான் அதன் அர்த்தம். தந்தி இல்லை, போன் இல்லை, மேலிடத்து உத்தரவு இல்லை. ஒருவன் வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறான், கடலின் சத்தத்தைக் கேட்கிறான், கூண்டை ஏற்றச் சொல்கிறான். இத்தனை விதிகளிலும் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். பம்பாயில் அன்று மத்தியானம் அப்படி ஒரு ஆள் இருந்திருக்கலாம்.

நீ தினம் சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறாய். துறைமுக அலுவலகத்தில் இருக்கும் வயதான யாரையாவது பிடித்து, தன் சர்வீசில் பதினொன்று ஏற்றிப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டு எழுது. டீ வாங்கிக் கொடுத்தால் பேசுவார்கள். காசை நான் வரும்போது தருகிறேன், நீ கணக்கு வைத்துக்கொள்வாய் என்று தெரியும்.

இருட்டிக்கொண்டு வருகிறது. மாடியில் துணி கிடக்கிறது, எடுக்கச் சொல்லி இரண்டாம் குரல் வந்துவிட்டது.

உன்
பழைய பெஞ்சு நண்பன்