காலண்டரில் ஒரு நீல வட்டம்

அன்புள்ள கண்ணா,

"ஜெர்மன் குடியுரிமைக்கு எழுதிப் போடலாமாம்மா, உனக்கு வருத்தமா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கும் அன்று பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வருத்தம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி யாரையும் பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. விடச் சொல்வது நம் சட்டம்தான். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, நீயாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டையை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அரசு நினைத்தால் அந்த அட்டையை ரத்து செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. முதல் ஓட்டைப் போட்டுவிட்டு, மை காய்வதற்குள் அப்பாவிடம் ஓடிவந்து விரலை நீட்டினாயே, அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

ஆனாலும் வாங்கிக்கொள் என்றுதான் சொல்வேன். காரணம் அந்தக் காலண்டர்.

அப்பா படுக்கையில் கிடந்தபோது சம்பளமில்லா விடுப்பில் வந்து கூடவே இருந்தாய். காலண்டரில் ஒரு தேதியை நீலப் பேனாவால் வட்டமிட்டிருந்தாய். மருந்து வாங்கும் நாளாக்கும் என்று நினைத்தேன். ஜெர்மனியில் நிரந்தரமாகத் தங்க அனுமதி இருந்தாலும், ஆறு மாதத்துக்கு மேல் அந்த நாட்டுக்கு வெளியே இருந்தால் பொதுவாக அது செல்லாமல் போய்விடும் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். வட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பினாய். அதன்பிறகு அப்பா பதினொரு நாள் இருந்தார். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வட்டத்தின் மேல்தான் கோபம்.

அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் கையில் இருந்தால் நாள் எண்ண வேண்டாம். இங்கே எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். வேற்று நாட்டுக் குடிமகன் ஆனால்தான் பிள்ளை என் பக்கத்தில் அதிக நாள் இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

அதற்காக மட்டும் வாங்கிவிடாதே. குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வியில் 17 சரியாக எழுதுவது உனக்குப் பெரிய காரியமில்லை. உறுதிமொழிதான் பெரிது. நாஜி ஆட்சியின் கொடுமைகளுக்கு அந்த நாடு சுமக்கும் வரலாற்றுப் பொறுப்பையும், யூத மக்களின் வாழ்வைக் காக்கும் பொறுப்பையும் நீயும் ஏற்க வேண்டும். மனசார ஏற்க முடிகிறதா என்று பார்த்துக்கொள். இத்தனை வருஷம் வரி கட்டியும் நகராட்சித் தேர்தலில்கூட உனக்கு ஓட்டில்லை. கிடைத்தபிறகு ஒரு தேர்தலையும் விடாதே.

இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிவிடு. ஜெர்மன் குடியுரிமை கிடைத்தபிறகு அதை வைத்துப் பயணம் செய்வது குற்றம். ரத்து முத்திரை போட்டுத் திருப்பித் தந்தால் என்னிடம் கொடுத்துவிடு. அதில் இருக்கும் படம் எடுத்த அன்று உன் காலரை அப்பா மூன்று தடவை சரிசெய்தார். அப்படியும் இடது பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டுதான் இருக்கும், எடுத்துப் பார்.

அம்மா