ரிசப்ஷன் துணி எடுக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களை அப்பாவும் நானும் பார்த்தோம். அழகுக்குக் குறைவில்லை. ஆனாலும் மணி வேலைத் துணியைப் போட்டோவை நம்பி எடுக்காதே கண்ணு. டெல்லியில் இருக்கிறாய், சாந்தினி சௌக்குக்கு நேரிலேயே போ. துணி கைக்கு வந்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்.

ஆரி ஊசியில், அதுதான் நுனியில் கொக்கி இருக்கும் ஊசி, விழுவது சங்கிலித் தையல். ஒரே நூல் கண்ணி கண்ணியாக ஓடும். முடிகிற இடத்தில் முடிச்சு சரியில்லை என்றால், ஒரு நுனி அவிழ்ந்தாலே மணி வரிசையாகக் கொட்டிவிடும். ஒவ்வொரு பூ முடியும் இடத்திலும் நூலை நகத்தால் லேசாக நெருடிப் பார். கல் தைத்ததா, பசை போட்டு ஒட்டியதா என்றும் கவனி. ஒட்டிய கல் வேர்வையில் விட்டுவிடும். எதைக் காட்டினாலும் லக்னோ ஜர்தோசி, ஜரிகைக் கம்பியில் கையால் செய்த வேலை என்பார்கள். அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததால் அந்தப் பெயருக்குத் தனி விலை. மிஷின் வேலைக்கு அந்த விலை கொடுத்துவிடாதே.

கண்ணாடி மணி தொட்டால் சில்லென்று இருக்கும், கனமும் தெரியும். பிளாஸ்டிக் மணி லேசுதான், ஆனால் சென்ட் பட்டால் முலாம் உரிந்துவிடும். மணி குறைவாக இருந்தாலும் கண்ணாடியாகவே எடு. ஈரக் கைக்குட்டையால் ஓரத்தில் தேய்த்துப் பார், சாயம் ஒட்டினால் வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை கனம்தான். மேடையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், பெரியவர்கள் வரும்போதெல்லாம் குனிந்து காலில் விழ வேண்டும். உனக்குப் பிடித்த அந்த ஜார்ஜெட்டில் உடம்பு முழுக்க மணி. தொங்கத் தொங்கத் துணி தொய்ந்து, கீழ் விளிம்பு ஏறி இறங்கி நிற்கும். நெட் துணியில் மணி கனத்தால் கண்ணி இழுபட்டுக் கிழியும். ரா சில்க் தாங்கும். பாவாடைக்கு ரா சில்க், விளிம்பில் நெருக்கமான வேலை, மேலே போகப் போகச் சிதறலாகப் பூ. நெட்டைத் துப்பட்டாவோடு நிறுத்திக்கொள். நீ சிரித்த முகமாக நிற்கணும் சாமி, இடுப்பு வலியோடு நிற்கக் கூடாது.

அகலம் 44 அங்குலம் என்று சொன்னாலும் இரண்டு ஓரத்திலும் வேலை இல்லாமல் வெறும் துணி விட்டிருப்பார்கள். வேலை உள்ள அகலத்தை டேப் வைத்து அள. பூ ஒரே பக்கம் பார்த்து நின்றால் துணி கூடுதலாகப் பிடிக்கும், அரை மீட்டர் சேர்த்தே வாங்கு. உதிர்ந்தால் தைக்க அதே மணியைத் தனியாக ஒரு பொட்டலமும் கேட்டு வாங்கிவிடு. அங்கே யாரிடமும் தைக்கக் கொடுக்காதே, நானே வெட்டுகிறேன். தையல் ஓடும் கோட்டில் இருக்கும் மணியை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்து, நூலைக் கட்டிய பிறகுதான் மிஷினில் வைக்கணும். அவசரக்காரர்கள் அப்படியே ஓட்டுவார்கள். ஊசியும் உடையும், மணியும் போகும்.

அங்கே ஒன்றும் மனசுக்கு ஒட்டவில்லையா, விட்டுவிட்டு வா. துணிக்குப் பேர்போன நம்ம பர்கூரைக் குட்டி சூரத் என்று சும்மாவா சொல்கிறார்கள்? பர்கூரில் நல்ல ரா சில்க் எடுத்து, கிருஷ்ணகிரியிலேயே ஆரி வேலைக்குக் கொடுத்துவிடலாம். அதற்கு நாள் பிடிக்கும், இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு.

முகூர்த்த ஜாக்கெட்டில் இடது தோளிலும் அக்குளிலும் மணி வைக்கப் போவதில்லை. நீ கோபித்தாலும் சரி. முந்தானை மடிப்பு உரசி உரசிப் பட்டின் ஜரிகை இழை இழையாக வந்துவிடும். அக்குளில் மணி இருந்தால், மாலை மாற்றக் கை தூக்கும்போதெல்லாம் தோல் சிராயும்.

இடுப்பு அளவையும் இடுப்பிலிருந்து தரை வரை உயரத்தையும் எடுத்து அனுப்பு. அன்றைக்குப் போடப் போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று எடு. விளிம்பில் மணி வேலை இருக்கும் பாவாடை குட்டையாகப் போனால் கீழே பிரித்துவிட வழியில்லை.

அன்புடன்,
அம்மா