கேஸ் ஃபர்னஸ் உள்ள வீட்டுக்குக் குடிபோன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசும்போது நீ போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. படுக்கையறைக்கு வெளியே சுவரில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் ராத்திரி கீச் கீச்சென்று தொல்லை கொடுத்தது, கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன் என்றாய். நான் பதில் சொல்வதற்குள் குழந்தை அழுதான், பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று. உங்கள் வீட்டைச் சூடாக்குவது கேஸை எரிக்கிற ஃபர்னஸ்; அந்தக் கேஸ் சரியாக எரியாவிட்டால் உண்டாகும் விஷ வாயுதான் கார்பன் மோனாக்சைடு. அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

முதலில் அந்த அலாரத்தை எடுத்துத் திருப்பிப் பார். முதுகில் தேதி அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுசு உண்டு, மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருஷம். தேதி தாண்டியிருந்தால் பேட்டரி மாற்றிப் பயனில்லை, புதிதாக வாங்கிவிடு. விட்டு விட்டு ஒற்றைக் கீச்சுச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லை ஆயுசு முடிந்திருக்கும். நாலு நாலு முறையாக, விடாமல் உரக்க அலறினால் அது அந்த விஷ வாயு. அப்போது எதையும் ஆராய்ந்துகொண்டு நிற்காதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே போய், அங்கிருந்து அவசர உதவிக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் வந்து அளந்து பார்த்துச் சொல்லும் வரைக்கும் உள்ளே போகக் கூடாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் பிடிப்போடு இது உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. ஃப்ளூ வந்தாற்போலவே இருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே போனால் சரியாகிறது, திரும்பி வந்தால் மறுபடி வலிக்கிறது என்றால் அலாரம் கத்தவில்லையே என்று சும்மா இருந்துவிடாதே. குறைந்த அளவுக்கு அது உடனே கத்தாது. பரவலாகப் புழங்கும் ஒரு தரநிலைப்படி, காற்றில் 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) இருந்தால் 4 முதல் 15 நிமிஷத்துக்குள் அலற வேண்டும். 70 பிபிஎம் என்றால் 4 மணி நேரம் வரைக்கும்கூட ஆகலாம். தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலியும் தெரியாது. அதனால் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் ஒன்று, மாடிக்கு ஒன்று என்று அலாரம் இருக்கட்டும்.

சரி, ஃபர்னஸுக்கு வருகிறேன். இந்த வேலையிலேயே காலம் கழித்த எனக்கு, ஒரு ஃபர்னஸ் நல்லபடியாக இருக்கிறதா என்பதைப் பாதி அதன் சத்தமே சொல்லிவிடும். உனக்கும் அது பழகிவிடும். சாவகாசமான ஒரு நேரத்தில் வீட்டின் சூட்டை அமைக்கிற தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி ஏற்றிவிட்டு, போய்ப் பக்கத்தில் நில். முதலில் ஒரு சின்ன மோட்டார் உர்ரென்று சுற்றும். அது புகையை வெளியே இழுக்கிற விசிறி. புகை போகும் வழி திறந்திருக்கிறது என்று பிரஷர் சுவிட்ச் உறுதி செய்த பிறகுதான் அடுத்த வேலை நடக்கும். பிறகு தீ மூட்டுகிற இக்னைட்டர் செக்கச்செவேலென்று பழுக்கும். 'டிக்' என்று கேஸ் வால்வு திறக்கும். மெல்லிய 'புஸ்' சத்தத்தோடு பர்னர்கள் வரிசையாகப் பற்றும். ஒரு மெல்லிய கம்பி தீ இருக்கிறதா என்று பார்க்கும்; தெரியவில்லை என்றால் சில விநாடிகளில் வால்வு மூடிக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் கொஞ்சம் பொறுத்துப் பெரிய ப்ளோயர் ஓடி, சூடான காற்று அறைகளுக்கு வரும்.

இந்த வரிசை ஒருமுறை காதில் பதிந்துவிட்டால், மாறினால் தானாகத் தெரியும். பற்றும்போது 'டொப்' என்று வெடிப்பதுபோலச் சத்தம் வந்தால், கேஸ் சேர்ந்து தாமதமாகப் பற்றுகிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடு. பார்க்கிற கண்ணாடித் துளை இருந்தால் தீயையும் பார். நீலமாக, அசையாமல், நிமிர்ந்து நிற்க வேண்டும். மஞ்சளாகச் சோம்பி அலைபாய்ந்தால், ப்ளோயர் ஓட ஆரம்பித்ததும் தீ ஆடினால், பர்னர் பக்கம் கரி படிந்திருந்தால், ஓட்டாதே. கரியும் மஞ்சள் தீயும் கேஸ் சரியாக எரியவில்லை என்று சொல்கின்றன. ப்ளோயரோடு சேர்ந்து தீ ஆடினால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கக்கூடும். புகையையும் நீங்கள் சுவாசிக்கிற காற்றையும் பிரித்து வைத்திருக்கும் உலோகச் சுவர் அது ஒன்றுதான். குளிர்காலத்தில் முதல்முதலாகப் போடும்போது தூசி கருகுகிற வாசனை வரும், அது சீக்கிரம் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

உன் கையால் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான், காற்றிலுள்ள தூசியைப் பிடிக்கிற பில்டர். அதை ஒழுங்காகச் செய்தாலே பாதி ரிப்பேர் வராது. மாதம் ஒருமுறை ஃபர்னஸை அணைத்துவிட்டு வெளியே இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். ஒளி ஊடுருவினால் இருக்கட்டும். சாம்பல் கம்பளி மாதிரி அடைந்திருந்தால் மாற்று. மெல்லிய பில்டர் என்றால் குளிர்காலத்தில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், அது ப்ளோயர் பக்கம் பார்க்க வேண்டும். குழந்தை இருக்கிறானே என்று கடையில் இருப்பதிலேயே அடர்த்தியானதை வாங்கிப் போடாதே. ஃபர்னஸ் தாங்கும் அளவு கையேட்டில் இருக்கும். காற்று திணறினால் உள்ளே சூடு ஏறும், லிமிட் சுவிட்ச் அணைக்கும், ஆறியதும் மறுபடி பற்றும். இப்படியே நடந்தால் அந்த உலோகச் சுவர்தான் களைத்து விரிசல் விடும். ஆள் இல்லாத அறைதானே என்று காற்றுத் துவாரங்களை மூடி வைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும்.

வெளிச் சுவரில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் உன்னுடையது புதுரகம். ஒன்று காற்றை இழுக்கும், ஒன்று புகையை விடும். பனி கொட்டிய காலையில் அவற்றின் வாயை முதலில் சுத்தம் செய். உலோகப் புகைக்குழாய் கூரை வழியாகப் போனால் பழைய ரகம். அதில் பறவைக்கூடு, துரு, மூட்டு விலகல் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். ஃபர்னஸைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது எதுவும் வேண்டாம். பெயின்ட், தின்னர், பெட்ரோல் கேன் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. பிளீச்சும் வேண்டாம், அதன் ஆவி உள்ளே போய் உலோகத்தை அரிக்கும்.

கேஸ் வாசனை வேறு விஷயம். அழுகிய முட்டை வாசனை கேஸுக்கு இயல்பிலேயே கிடையாது, நாம் கண்டுபிடிப்பதற்காகச் சேர்ப்பது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸின் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில், வாசனையில்லாத கேஸ் யாருக்கும் தெரியாமல் தரைக்கடியில் சேர்ந்து வெடித்து, ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் அங்கே வாசனை சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். அந்த வாசனை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். உள்ளே நின்று போனைத் தொடாதே. ஒரு சின்னப் பொறி போதும். அப்படியே வெளியேறி, தள்ளிப் போய் நின்று கூப்பிடு. குழாயில் வரும் இயற்கை எரிவாயு மேலே எழும். தொட்டியில் வருகிற புரொப்பேன் காற்றைவிடக் கனம், கீழ்த்தளத்தில் தரையோடு தேங்கும். உங்களுக்கு எது வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்.

மாப்பிள்ளை கைவேலை தெரிந்தவர், சந்தோஷம். ஆனால் கேஸ் வால்வு, பர்னர், புகைக்குழாய் மூன்றிலும் அவர் கை வைக்க வேண்டாம். மூடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கி வைக்கவே கூடாது. கதவு சரியாக மூடாவிட்டால் ப்ளோயர் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடலாம், அதைத் தடுக்கத்தான் அந்தச் சுவிட்ச். ஃபர்னஸ் தானாக நின்றுபோனால் தெர்மோஸ்டாட், பில்டர், பிரேக்கர் பாருங்கள். ஒருமுறை அணைத்துப் போடலாம். மறுபடி நின்றால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப ரீசெட் செய்வது, அது சொல்ல வருவதைக் கேட்க மறுப்பதுதான். உள்ளே ஒரு சின்ன விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி வைத்தால் வருகிற டெக்னீஷியனுக்கு உதவும். கரண்ட் போய்க் குளிர் தாங்கவில்லை என்றாலும் கேஸ் அடுப்பையோ கரியையோ அறையைச் சூடாக்க எரிக்காதீர்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன்பே டெக்னீஷியனை வரவழை. முதல் குளிர் அடித்துவிட்டால் எல்லாரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள், ஆள் கிடைக்க மாட்டார். பில்டரை மாற்றிவிட்டுக் கிளம்புகிறவர் வேண்டாம். புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று கருவி வைத்து அளக்கிறாரா, ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பார்க்கிறாரா, கேஸ் மூட்டுகளில் கசிவு சோதிக்கிறாரா என்று கேள். அளந்த எண்ணை எழுதித் தரச் சொல். தேதி முடிவானதும் சொல்லம்மா. அவர் வருகிற நேரத்தில் வீடியோ கால் போடு, நானே அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா