பாடப்புத்தகம் எது என்று முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். பைபிள் வாசித்து ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போன இரண்டு வார ஊழியக் குழு ஒன்றில் நானும் இருந்தேன். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் கெட்ட குமாரன் கதை இறந்தகால வினைகளைப் பழக அருமையான பாடம், எழுந்தான், வந்தான், பார்த்தான், ஓடினான் என்று வரிக்கு வரி வினைச்சொல்தான். ஆனால் எங்களில் ஒருவர் 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட, மறுநாள் ஒரு மாணவி என்னிடம் 'யூ' என்பதற்குப் பதில் 'தௌ' என்ற வழக்கொழிந்த சொல்லைப் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். எளிய நடையில் எத்தனையோ மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது இது எதற்கு? அப்புறம், 'இலவச ஆங்கில வகுப்பு' என்று மட்டும் நோட்டீஸ் போடாமல், வாசிக்கப்போவது பைபிள்தான் என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள். வேண்டாம் என்பவர்கள் வராமல் இருக்கட்டுமே.