மரக் குதிரையை லெகோவில் கட்டுவது பற்றிப் பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நத்தார் மரத்தில் தொங்கவிடுவதற்காக நான் லெகோ கட்டைகளால் கட்டிய பம்பரத்தையும் குதிரையையும் தம்பியின் தொலைபேசியில் பார்த்துவிட்டு, மரத்தில் செய்ய வேண்டியதை இவன் ஏன் பிளாஸ்டிக்கில் செய்கிறான் என்று நீங்கள் கேட்டதாக அறிந்தேன். மஸ்கெலியாவில் தோட்டத்துத் தச்சராக ஆயுள் முழுவதும் உளி பிடித்தவர் கேட்கும் கேள்விக்குப் போகிற போக்கில் பதில் சொல்ல மனம் வரவில்லை. இதே கேள்வி வேறு சிலருக்கும் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டைகளும் ஒரு தச்சுப் பட்டறையில் பிறந்தவைதான். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் இருந்த தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன், பொருளாதார மந்தத்தால் கட்டட வேலைகள் குறைந்துபோன 1932ஆம் ஆண்டில், ஏணி, இஸ்திரிப் பலகை ஆகியவற்றோடு மர விளையாட்டுச் சாமான்களையும் செய்யத் தொடங்கினார். 1935இல் அங்கே உருவான மர வாத்து, கயிற்றைப் பிடித்து இழுத்தால் அலகைத் திறந்து மூடிக்கொண்டே பின்னால் வரும். மேலே குமிழும் உள்ளே குழாயுமாக ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இன்றைய கட்டைக்கு அவருடைய மகன் காப்புரிமை கோரியது 1958 ஜனவரி 28இல். 1960இல் மரச் சாமான் கிடங்கு தீக்கிரையான பிறகுதான் அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்த லெகோ நிறுவனம் மரவேலையை நிறுத்தியது.

மரச் சாமானிடமிருந்து எனக்கு வேண்டியது அதன் அசைவு. தேயிலைப் பெட்டிப் பலகையில் நீங்கள் செய்து தந்த குதிரைக்குக் கண்ணும் காதும் எப்படி இருந்தன என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது எப்படி ஆடியது என்பதைச் சொல்லிவிடுவேன். பழைய மரச் சாமான்களைப் பார்த்து அலங்காரப் பொருள் கட்டுகிறவர்களில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். மரவரி அச்சிட்ட கட்டைகளை வாங்கி ஒட்டுகிறார்கள், கடைசலின் வளைவு வர வேண்டும் என்று சின்னஞ்சிறு சரிவுக் கட்டைகளை அடுக்குகிறார்கள். கட்டி முடிந்த பிறகு அந்தப் பொருள் அசைவதில்லை.

ஆனால் தரையில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஒன்றை நூலில் தொங்கவிட்டால் அதன் வேலை போய்விடுகிறதே என்ற சிக்கல் இருக்கிறது. பம்பரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்டின் நடுவிலேயே நூலைக் கட்டிவிட்டால், முறுக்கேறிய நூல் அவிழும்போது அது தானாக ஒரு பக்கம் சுற்றி, பிறகு மறுபக்கம் திரும்பும். வாத்துக்குச் சக்கரத்தின் மையத்திலிருந்து சற்று விலக்கி ஒரு முளையை வைத்தால், விரலால் சக்கரத்தைச் சுழற்றும்போது அது அலகைத் தூக்கிவிடும். குதிரைக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அது ஆடுவதற்குத் தரை வேண்டும். தரைக்குப் பதிலாக, உடலின் குறுக்கே ஓர் அச்சைச் செலுத்தி, அதன் இரு முனைகளிலும் நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். அந்த அச்சு எடை மையத்துக்குச் சற்று மேலே அமைய வேண்டும். மையத்திலேயே அமைந்தால் குதிரை எந்தச் சாய்வில் விட்டாலும் அப்படியே நிற்கும்; அதிகம் மேலே போனால் படபடவென்று ஆடும். அதற்காகக் கீழ்ப்பாகத்தில் கனமான கட்டைகளையும் தலைப்பக்கம் மெல்லிய தட்டைகளையும் வைத்தேன். நூல் அச்சில் கட்டப்படுவதால் இன்னொரு நன்மையும் உண்டு: மேல் கட்டையில் கட்டினால் நாளடைவில் எடை தாங்காமல் அது மட்டும் கழன்று கையோடு வந்துவிடும்.

அளவுகளைச் சொன்னால் உங்களுக்கே ஆர்வம் வரும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர், கட்டையின் உயரம் 9.6, தட்டையின் உயரம் 3.2. ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16 மில்லிமீற்றர், அதாவது சரியாக இரண்டு குமிழின் அகலம். இந்தக் கணக்கு பொருந்துவதால்தான் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி, குதிரையின் விலாவில் குமிழ்கள் வெளியே பார்க்கும்படி வைத்து, சேணத்தை இடைவெளி இல்லாமல் பொருத்த முடிகிறது. நீங்கள் பொருத்துக்கு இழைக்கும் நேரத்தை நான் இந்தக் கூட்டல் கழித்தலில் செலவிடுகிறேன்.

நிறத்தில் நான் கஞ்சன். சிவப்பு, மஞ்சள், பச்சை, வர்ணம் பூசாத இடத்துக்குப் பழுப்பு. அதற்கு மேல் வேண்டாம்.

நம் மலைப்பக்கத்து ஈரத்தையும் எண்ணிப் பாருங்கள். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் மரச் சக்கரம் ஊதி அச்சில் இறுகிவிடுவதும், நீங்கள் மெழுகு தடவிக் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. பிளாஸ்டிக் அச்சுக்கு அந்த ஈரம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வெயில் நேரே விழும் ஜன்னலில் விட்டால் வெள்ளைக் கட்டைகள் மஞ்சளிக்கும். அந்த வகையில் மரம் மேல்தான், மரத்துக்கு வயதானால் அழகு கூடுகிறது.

அடுத்து நடைவண்டி ஒன்றைக் கட்ட நினைத்திருக்கிறேன். மூன்று சக்கரத்தில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட்டால் குழந்தை சாய்ந்து பிடிக்கும்போது வண்டி குப்புற விழாது என்பது உங்கள் கைக்குத் தெரிந்த கணக்கு. பழைய வண்டி பரணில் இருந்தால், கைப்பிடியின் உயரத்தையும் சேர்த்து அளந்து தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள். அங்குலத்தில் சொன்னாலும் போதும், நான் குமிழ்க் கணக்குக்கு மாற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்,
பண்டாரவளை